மறந்துவந்த அரிக்கட்டு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து ஆட்கள் கலையும்போது, எங்கள் கோயில் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வைப்பார்கள். வாக்குத்தத்த அட்டைகள் அதில் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடக்கும். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. முதுகுப்பக்கம் ரோஜாப்பூவோ அருவியோ அச்சடித்திருக்கும். கண்ணை மூடி ஒரு நொடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுப்பார்கள். அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் தனக்கென்று சொன்ன வார்த்தை அது. சிலர் பைபிளுக்குள் வைப்பார்கள், சிலர் பர்சில். நானும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவின் கடைசி வீட்டு அக்கா வந்து தன் அட்டையை நீட்டினார். "சின்ன எழுத்தா இருக்கு. நீ படி தம்பி." உபாகமம் 28-ஆம் அதிகாரத்து வசனம். கையிட்டுச் செய்கிற வேலையெல்லாம் ஆசீர்வதிக்கப்படும், பலருக்குக் கடன் கொடுப்பாய், நீ கடன்படமாட்டாய் என்ற வாக்கு. படித்தேன். அவர் அட்டையைத் திருப்பி வாங்கி, சேலை முந்தானையில் துடைத்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருசமும் இதான் வந்துச்சு தம்பி. குழுக்கடன் இன்னும் பதினாலு தவணை கெடக்கு. எல்லாருக்கும் குடுக்காரு. நான் என்ன பாவஞ்செஞ்சேன்னுதான் தெரியல." அதில் கோபம் இல்லை, குறைகூடச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவரின் குரல். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அந்தக் கேள்வி மட்டும் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

அந்தக் கேள்வியை அவர் தானாக உண்டாக்கிக்கொள்ளவில்லை, நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம் என்பது எனக்குப் பிடிபட நாளாயிற்று. எங்கள் சபையில் 'ஆசீர்வாதம்' என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். 'நல்ல ஆசீர்வாதமா இருக்காங்க' என்றால் வசதியாக இருக்கிறார்கள் என்று பொருள். மகன் வெளிநாடு போனால் ஆசீர்வாதம், மாடி எடுத்தால் ஆசீர்வாதம், கார் வாங்கினால் அதன் பின்கண்ணாடியில் கர்த்தர் தந்தது என்று எழுத்து. நன்றி சொல்வதில் பிழையில்லை. நன்றி சொல்லத் தெரியாத பணக்காரனைவிட நன்றி சொல்கிறவன் மேல். ஆனால் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அதன் மறுபாதியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். எனக்கு மாடிவீடு தந்தது ஆண்டவர் என்றால், கடைசி வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்து ஒழுகவிட்டதும் அவர்தான் என்று ஆகிறது. அவர் காரணமில்லாமல் செய்யமாட்டார் என்பதால் காரணம் அந்த அக்காவிடம் இருக்கவேண்டும் என்றும் ஆகிறது. யோபுவின் நண்பர்கள் சாம்பலில் உட்கார்ந்திருந்தவனிடம் பக்கம் பக்கமாகச் சொன்னதை நாங்கள் ஒரே ஒரு சொல்லில் சொல்லிவருகிறோம். அந்த நண்பர்கள் பேசியது சரியில்லை என்று புத்தகத்தின் முடிவில் கடவுளே கோபித்துக்கொள்கிறார். அந்தக் கோபம் எங்கள் காதில் விழவில்லை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் இயேசு தரித்திரரைப் பார்த்துச் சொல்லும் வாழ்த்துக்குத் தமிழ் வேதாகமம் 'பாக்கியம்' என்ற வேறொரு சொல்லைப் போட்டிருக்கிறது. பாக்கியத்தை ஏழைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஆசீர்வாதத்தை நாங்கள் வைத்துக்கொண்டோம் என்று சில இரவுகளில் தோன்றும். அதே பேச்சில், நான்கு வசனம் தள்ளி, ஐசுவரியவான்களுக்கு ஐயோ என்கிறார். அந்த வசனம் அச்சடித்த அட்டையை எந்தத் தாம்பாளத்திலும் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒருநாள் உபாகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 28-ஆம் அதிகாரத்தில் 68 வசனங்கள். முதல் 14 ஆசீர்வாதம், மீதி 54 சாபம். அட்டை அடிக்கிறவர்கள் 14-ஓடு நிறுத்திக்கொள்வதைக் குற்றம் சொல்லமுடியாது, வருஷப்பிறப்பில் யார் சாபத்தைக் கையில் கொடுப்பார்கள். என்னை நிறுத்தியது வேறொன்று. கையின் வேலைகளை ஆசீர்வதிப்பார் என்ற அதே வாக்கு, நான்கு அதிகாரம் முன்னால் 24-இலும் வருகிறது. அங்கே அது தனியாக வரவில்லை. வயல் அறுக்கும்போது ஒரு அரிக்கட்டை மறந்து விட்டுவிட்டு வந்தால் அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்று சொல்லி, அப்படி இருந்தால்தான் உன் கைவேலை ஆசீர்வதிக்கப்படும் என்று முடிகிறது. எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். இது ஒரு விசித்திரமான கட்டளை என்று அன்றுதான் உறைத்தது. கொடு என்று கட்டளை இடலாம், மற என்று எப்படிக் கட்டளை இடுவது? அங்கே கேட்கப்படுவது மறதியும் இல்லை. நினைவு வந்த பிறகும் திரும்பிப் போகாமல் இருப்பது. வரப்பேறி வீட்டுக்கு நடக்கிறவனுக்கு சட்டென்று ஞாபகம் வருகிறது, கிழக்கு மூலையில் ஒரு கட்டு கிடக்கிறதே என்று. கால் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில் அவன் எந்தப் பக்கம் நடக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அவனுடைய ஆசீர்வாதம் இருக்கிறது. லேவியராகமம் இன்னும் ஒரு படி மேலே போய், வயலின் ஓரத்தை முற்ற அறுக்காதே என்கிறது. ரூத் என்ற மோவாபியப் பெண் பெத்லகேமில் பொறுக்கிச் சாப்பிட்டதும், தாவீதின் வம்சம் பிழைத்ததும் அப்படி விடப்பட்ட கதிர்களால்தான்.

இங்கே என் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பணி ஓய்வுப் பணத்திலும் கொஞ்சம் கடனிலும் கட்டியது. வாசலில் கருங்கல்லில் கர்த்தர் கட்டின வீடு என்று பொறித்திருக்கிறேன். அந்த எழுத்தின் அளவுக்காக நானும் மனைவியும் இரண்டு நாள் பேசினோம். கடைசி வீட்டு அக்கா அந்த வீட்டுக்குச் சித்தாளாக வந்தவர். ஜல்லியும் சிமெண்டும் கலந்த கலவையைச் சட்டியில் வாங்கி, தலையில் சும்மாடு வைத்து, கைப்பிடி வைக்காத படிக்கட்டில் ஏறி மாடிக்குக் கொண்டுபோவார். கான்கிரீட் போட்ட அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கி இருட்டுகிறவரை அவர் ஏறி இறங்கியதை நான் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சட்டியிலிருந்து சிமெண்டுப் பால் வழிந்து காதோரம் காய்ந்து வெள்ளைக் கோடாக நின்றது. தண்ணீர் கேட்டபோது என் மனைவி சொம்பில் கொடுத்தாள், அவர் அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. வீட்டுப் பிரதிஷ்டை அன்று சபை ஐயர் ஜெபித்தார், கர்த்தர் வீட்டைக் கட்டாவிட்டால் கட்டுகிறவர்களின் உழைப்பு வீண் என்ற சங்கீதத்தை வைத்துப் பிரசங்கித்தார். வேலையாட்களுக்கு வேட்டியும் சேலையும் எடுத்துக் கொடுத்தோம். அவர்கள் கடைசிப் பந்தியில், கொல்லைப்புறத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் அவர்களைக் கடைசியில் உட்காரச் சொல்லவில்லை, முன்னால் வந்து உட்காரவும் சொல்லவில்லை. அதே சபையில் அந்த அக்காவும் நானும் ஒரே கிண்ணத்தில் இராப்போஜனம் எடுக்கிறவர்கள்.

லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அவனை நான் கெட்டவனாகக் கண்டதில்லை. அவன் திருடியதாகக் கதையில் இல்லை, யாரையும் ஏமாற்றியதாக இல்லை. நிலம் நன்றாக விளைந்தது, வைக்க இடமில்லை, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்று நினைத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவன் பேச்சைக் கூர்ந்து கேட்டால், என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா என்று 'என்' வந்துகொண்டே இருக்கிறது. அவ்வளவு பெரிய அறுவடையை அறுத்தவர்கள், கட்டியவர்கள், சுமந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! கதையில் ஒருவர்கூட இல்லை. யோசனை கேட்கவும் மகிழ்ச்சியைச் சொல்லவும் ஆளில்லாமல் தன் ஆத்துமாவோடு தானே பேசிக்கொள்கிறான். செல்வம் அவனுக்குச் செய்த கெடுதி அதுதான் என்று நினைக்கிறேன். மற்றவர்களைப் பார்வையிலிருந்து அழித்துவிட்டது. இந்தக் கதையை வைத்து 4-ஆம் நூற்றாண்டில், இன்று துருக்கியில் கைசேரி எனப்படும் செசரியா நகரத்தில் பசில் என்ற குரு ஒரு பிரசங்கம் செய்தார். உன் பெட்டியில் பூட்டியிருக்கும் ரொட்டி பசித்தவனுடையது, மாட்டி வைத்திருக்கும் அங்கி ஆடையில்லாதவனுடையது என்பது அதன் சாரம். தர்மம் செய் என்று அவர் சொல்லவில்லை, வைத்திருப்பது உன்னுடையது இல்லை என்றார். 368-ஐ ஒட்டி அந்தப் பகுதியில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, தானியக் களஞ்சியம் வைத்திருந்தவர்களைப் பேசியே திறக்க வைத்தார் என்றும், பெரிய கொப்பரைகளில் காய்ச்சிய கூழை ஏழைகளுக்குத் தன் கையால் பரிமாறினார் என்றும் அவர் நண்பர் கிரெகோரி பதிவு செய்திருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயில் பொதுவிருந்தான அசனத்தில் சோற்றுக்குவியலுக்கும் குழம்புக் கொப்பரைக்கும் நடுவில் நிற்கும்போது எனக்கு அந்தச் செசரியா நினைவு வரும். அங்கே பந்திக்கு முதல் கடைசி கிடையாது, யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்வது என்றும் கிடையாது. வருஷத்தில் ஒருநாள் அப்படி உட்காரத் தெரிந்த நாங்கள் மற்ற நாட்களில் ஏன் மறந்துபோகிறோம்?

இப்படி எழுதிக்கொண்டு போகும்போதே எனக்குள் ஒரு எதிர்க்குரலும் கேட்கிறது, அதை அடக்கிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. அம்மாவழியில் எங்கள் வேர் தென் திருவிதாங்கூரில். தோளை மறைத்துச் சீலை உடுத்தியதற்காகப் பெண்களைச் சந்தையில் வைத்து அவமானப்படுத்திய ஊர்கள் அவை. 1859-இல் அரசு நாடார் பெண்களுக்கு மேலாடையை அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தே அனுமதித்தது. அந்த வழியில் வந்த ஒரு பெண் கிறிஸ்துமசுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கோயிலின் முன்வரிசையில் உட்கார்ந்தால் அதை உலக ஆசை என்று யார் சொல்வது? பனையேறி நெஞ்சு காய்த்த தாத்தாவின் பேரன் காரை வீடு கட்டினால் அது பகட்டா? மிஷன் பள்ளிக்கூடமும் மிஷன் ஆஸ்பத்திரியும் எங்களைப் போன்றவர்களை நிமிர்த்தியது ஆவியில் மட்டும் இல்லை, வயிற்றிலும் முதுகிலும்தான். வீடு கட்டி முடித்தவன் திண்ணையில் உட்கார்ந்து பொருளாசையைக் கண்டிப்பது எளிது. இன்னும் கட்டாதவனிடம் அந்தக் கண்டிப்பு போய்ச் சேரும்போது அது வேறொரு பூட்டாக மாறிவிடும். அலெக்சாந்திரியா நகரத்துக் கிளெமெந்து 1,800 வருஷங்களுக்கு முன்பே இந்தச் சங்கடத்தைத் தொட்டிருக்கிறார். யாரிடமும் ஒன்றும் இல்லாவிட்டால் யாருக்கு யார் பகிர்ந்து கொடுப்பது என்று அவர் கேட்டார். நான் அந்தக் கேள்வியைப் பலநாள் என் வீட்டுக்குக் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீடு கட்டியது தப்பில்லை, இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அந்த அக்கா கேட்டது வீட்டைப் பற்றி இல்லையே.

அம்மாவின் பிடியரிசிக் கலயம் அந்த நாட்களில் அடிக்கடி நினைவில் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், உப்பு மரவைக்கும் புளிப்பானைக்கும் நடுவில் இருக்கும். உலை கொதித்ததும் அம்மா நாழியால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவாள். கல் பொறுக்கிப் புடைத்து முடித்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். மூட்டையிலிருந்து எடுத்துப் போடமாட்டாள். எங்களுக்கென்று அளந்ததிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. அப்படியானால் அன்று எங்கள் ஆறு பேரின் தட்டிலும் சில சோறு குறையும். யாருக்கும் தெரியாத அளவுதான், ஆனாலும் குறையும். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கலயத்தைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. பல வீட்டு அரிசி ஒரே சாக்கில் விழும்போது புழுங்கலும் பச்சையும் குருணையும் கலந்து ஒரு தவிட்டு வாசனை எழும். அதை வாங்கிச் சமைக்கிற வீட்டில் அந்தச் சோறு ஒரே பதமாக வெந்திருக்காது என்று நான் அப்போது நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது கோயில் தூணில் ஒட்டியிருக்கும் கட்டத்துக்கு நேராகப் போனைக் காட்டிக் காணிக்கை செலுத்துகிறேன். தசமபாகம் சரியாகப் போய்விடுகிறது. ஆனால் வீட்டில் யாருடைய தட்டிலும் ஒரு பருக்கை குறைவதில்லை.

மாற்கு 12-இல் இரண்டு காசு போட்ட விதவையைக் காணிக்கைப் பிரசங்கத்தில் கேட்டே வளர்ந்தோம். தனக்கிருந்த எல்லாவற்றையும் போட்டாள், நீங்களும் அப்படிக் கொடுங்கள் என்று. ஆனால் அந்தப் பகுதிக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மனம் கலங்குகிறது. அதற்குச் சற்று முன்னால்தான், நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். சற்றுப் பின்னால், அந்தத் தேவாலயத்தின் அழகான கல்லைச் சீஷன் ஒருவன் வியக்கும்போது ஒரு கல்லின்மேல் ஒரு கல் மிஞ்சாது என்கிறார். நடுவில் இந்த விதவை வருகிறாள். அவர் அவளைப் புகழ்ந்தாரா, அவளைப் பார்த்து அழுதாரா? புகழ்ந்திருக்கலாம், அவள் மனசு அப்படி. ஆனால் அவளுடைய கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டு, அவள் அடுத்தவேளைக்கு என்ன செய்வாள் என்று கேட்காத ஒரு பெட்டியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. கடைசி வீட்டு அக்கா சங்கக் காணிக்கையைத் தவறாமல் கட்டுகிறவர். ரசீதுகளை அரிசி டப்பாவுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறார். அந்த ரசீதுகளில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எரிகோவின் சகேயு ஆயக்காரன். இயேசு அவன் வீட்டில் தங்க வந்தபோது பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறான். நாங்கள் அந்தப் பாதியைத்தான் பேசுவோம். அதற்கடுத்து அவன் சொன்னதுதான் கடினமானது. யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்கிறான். கொடுப்பது ஒன்று, திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. முன்னதற்கு இரக்கம் போதும், பின்னதற்குக் கணக்கு நோட்டைத் திறக்கவேண்டும். தஞ்சாவூரில் 1892-இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்காளராகத் தேர்ந்து, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வாழ்ந்த ஜே.சி. குமரப்பா கடைசி வரை இந்த நோட்டைத்தான் திறந்து வைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இயேசுவின் போதனைகளைப் பற்றியும் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியும் 1945-இல் வெளிவந்த அவருடைய இரண்டு நூல்களும் சிறையில் எழுதப்பட்டவை. ஒரு பொருளை வாங்குகிறவன் விலையைக் கொடுத்ததோடு கழன்றுகொள்ள முடியாது, அது எப்படி உண்டானது என்பதற்கும் அவன் பொறுப்பாளி என்பது அவர் ஓயாமல் சொன்னது. விலை என்பது ஒரு திரை, அதற்குப் பின்னால் யாருடைய முதுகோ வளைந்திருக்கிறது. குமரப்பாவை நினைத்துக்கொண்டுதான் வீடு கட்டிய காலத்துச் செலவு நோட்டைப் பரணிலிருந்து இறக்கினேன்.

பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. கொத்தனார் சித்தாளுக்கு நாளைக்கு 500 ரூபாய் கேட்டார். பேசிப் பேசி 450-க்கு முடித்தேன். அன்று ராத்திரி மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. இது அநியாயமாய் வாங்கியதா? ஊரில் எல்லாரும் பேரம் பேசித்தான் கட்டுகிறார்கள், 450-க்கு வரச் சம்மதித்துத்தான் வந்தார், வாரக்கூலி ஒருநாளும் பாக்கி வைத்ததில்லை. இந்தச் சமாதானங்களை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன், ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அரிக்கட்டும் அப்படித்தானே, அவன் வயல், அவன் பயிர், அவன் கட்டு, திரும்பிப் போய் எடுக்க அவனுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அந்த உரிமையைத்தான் வேண்டாம் என்கிறது கட்டளை. என் கல்வெட்டின் எழுத்தளவுக்கு இரண்டு நாள் செலவழித்த நான், எதையும் மறக்கவில்லை. கிழக்கு மூலைக்குத் திரும்பிப் போய் அந்த 50 ரூபாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், 112 நாள். பெருக்கினால் 5,600. எண்ணாகமம் சொல்கிறபடி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 6,720. சகேயு எடுத்துக்கொண்ட கணக்கு, ஆட்டைத் திருடியவனுக்கு யாத்திராகமம் வைத்த கணக்கு, நாலத்தனை. அப்படியானால் 22,400. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் நான் மூன்று வாரம் நின்றேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொருளுக்கு ஊழியம் செய்வது என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடந்தது அந்த மூன்று வாரத்தில்தான்.

பெரிய தொகையையே ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கவரை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் பயந்துபோனார். "என்ன தம்பி இது? எந்தக் காணிக்கை?" காணிக்கை இல்லை, கூலி என்றேன். அன்றைக்கு நான் குறைத்தது என்று நோட்டை விரித்துக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. "அதெல்லாம் அன்னைக்கே முடிஞ்சுபோச்சுல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கீரைக் காம்பின் பச்சை ஒட்டியிருந்த விரல்களால் கவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் வைத்துக்கொண்டார். ஒரு பாரம் இறங்கியதுபோலத் திரும்பி நடந்தேன், அதை மறைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிக்கும்போது ஐயர் அந்த அக்காவின் பெயரையும் வாசித்தார். எதிர்பாராத ஆசீர்வாதத்துக்காக ஆயிரம் ரூபாய். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவருடைய நரைத்த கொண்டை, குனிந்திருந்தது. அவருக்கு வரவேண்டிய கூலியை அவர் ஆசீர்வாதம் என்று நம்புகிறார், அதற்கும் ஒரு பங்கு கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிட்டார். பாவம் என்ன செய்தேன் என்று கேட்டவருக்கு இப்போது விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றியிருக்கலாம், ஆண்டவர் கடைசியில் கண்திறந்தார் என்று. நான் கொண்டுபோய்க் கொடுத்த விடை அது இல்லை. சபையார் எல்லாரும் எழுந்து பாடினார்கள். நானும் எழுந்தேன். கோயில் ஜன்னல் வழியாக என் வீட்டு மாடி தெரியும். அந்தக் கான்கிரீட்டை நனைத்த தண்ணீரில் அவருடைய வேர்வையும் சேர்ந்திருக்கிறது என்பதை எந்த அட்டையில் அச்சடித்து, எந்தத் தாம்பாளத்தில் வைத்து, அவர் கையில் எடுத்துக்கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.